மடக்கு வண்டி – 9: வலிக்காத விரல்

மலை ஏறி ஜமுனாமரத்தூரைத் தாண்டிய பிறகுதான் ஜீப்பின் மூச்சிரைப்பு அடங்கியது.

"போளூர்லருந்து உயிர வாங்கிட்டுது," என்று அர்ச்சுனன் ஸ்டீரிங்கைத் தட்டிக் கொடுத்தான். "ஆனா பாத்தியா குப்பு, பின்னால வர்றது ஒரு ஆட்டம் ஆடல. ஒரு வளைவுல கூட இழுக்கல."

பின்னால் வந்தது அவனுடைய மடக்கு வண்டி. ட்ரங்குப் பெட்டியைப் படுக்க வைத்த மாதிரி, இடுப்பு உயரத்தில், இரண்டு சக்கரத்தின் மேல் தட்டையாக வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு வீடே படுத்திருக்கிறது என்று சொன்னால் வழியில் யாரும் நம்பமாட்டார்கள்.

குப்பம்மாள் திரும்பிப் பார்த்து, "ம்" என்றாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இப்போதெல்லாம் அது அங்கேதான் இருக்கிறது.

சாமை அறுத்த கொல்லைகளில் தாள் மட்டும் நின்றது. புளியமரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு உருண்டைக் கூரை தலையைக் காட்டிவிட்டு மறைந்தது.

"அதோ பாரு ரேணுகா, உங்க வூட்டுக்காரரு ஆபீசு."

"நைனா, சும்மா இரேன்!" என்றாள் பின் சீட்டிலிருந்த மகள். சொன்னவள் அடுத்த திருப்பத்தில் எட்டி எட்டிப் பார்த்தாள்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீசில் ஜீப் ஓட்டுகிறவன் சுப்பிரமணி. போன வாரம் அவனும் அவன் தாய் சாந்தம்மாளும் கண்ணமங்கலத்துக்கு வந்து ரேணுகாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு போய்ச் சேர்ந்த கையோடு, 'எங்களுக்குப் புடிச்சிருக்குது, நீங்க வந்து வூட்டப் பாருங்க' என்று சொல்லியனுப்பினார்கள். பெண்ணையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழக்கம் எங்கும் இல்லை. அர்ச்சுனனின் அண்ணன் பெண்டாட்டி முகவாயில் கை வைத்தாள். அர்ச்சுனன் கேட்கவில்லை.

"அவ வாழப்போற ஊரு. அவ பாக்க வேணாமா? தங்கறதுக்குத்தான் எடத்தப் பின்னாலயே கட்டிக்கினு போறோமே!"

இந்த வண்டியை ஊருக்குக் காட்ட அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது குப்பம்மாளுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் அவன் தச்சு மேஸ்திரி; ஜீப்பும் அங்கே முதலாளியிடம் இரவல் வாங்கியதுதான். அச்சு முறிந்து பட்டறையில் வந்து நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வண்டி சுவரை மடக்கிப் படுத்துக்கொண்டதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கண்ணமங்கலத்தில் அவர்கள் அண்ணன் குடும்பத்தோடு ஒண்டியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ராத்திரி பாய் விரித்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவன் யார் காலையாவது மிதித்துத்தான் போகவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு அவன் மடக்கி விரிக்கிற வீட்டைக் கனவு கண்டான். பட்டறை முதலாளி தூக்கிப் போட்ட ட்ரெய்லர் சட்டத்தை வாங்கி, மிச்சம் விழுந்த பிளைவுட்டையும் அலுமினியத் தகட்டையும் சேர்த்துச் சேர்த்துக் கட்டினான்.

அவன் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அவளுக்கு அது வந்தது.

போன ஆடியில் கஞ்சித் தவலையை இறக்கும்போது தீய்ந்த வாடை வந்தது. துணி தீய்கிறதென்று அடுப்பைச் சுற்றித் தேடினாள். தீய்ந்தது அவளுடைய சுண்டுவிரல்.

அதற்கப்புறம் மோதிர விரலும் மரத்துப் போயிற்று. முழங்கைக்குக் கீழே தோல் வெளுத்துத் தேமல் மாதிரி ஒரு இடம். ஊசியால் குத்திப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. அது இன்னதென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. குஷ்டம். மனசுக்குள் கூட அந்தச் சொல்லை அவள் முழுசாகச் சொல்லிக்கொள்வதில்லை. தெருவில் ஜெயம்மாளுக்கு அது வந்தபோது புருஷன் அவளைக் கொல்லையில் பம்புசெட்டு ரூமில் கொண்டுபோய் வைத்தான். சோறு மட்டும் போயிற்று. ஆள் போகவில்லை.

ரேணுகா கழுத்தில் தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று குப்பம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

* * *

சாந்தம்மாளின் வீடு ஆபீஸ்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசையில் கடைசி. ஒரே அறை. ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வாசலில் ஒரு பலாக்கன்று, அதைச் சுற்றி முள் கட்டியிருந்தது.

"வாங்க அண்ணி, வாங்க!" ஜீப் நிற்பதற்குள் அவள் இறங்கி வந்துவிட்டாள். குள்ளமான, வேகமான பொம்பளை. புருஷன் போய் ரொம்ப வருஷம். பேச்சில் கண்டிப்பும் சிரிப்பும் சேர்ந்தே வரும். "குளுருக்கு முன்னாடியே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சி. டேய் சுப்பிரமணி, தண்ணி மோந்தாடா!"

சுப்பிரமணி சொம்போடு வந்தான். ரேணுகாவைப் பார்க்காமல் ரேணுகாவிடம் நீட்டினான். அவளும் பார்க்காமலே வாங்கினாள். பாதித் தண்ணீர் கீழே போயிற்று. சாந்தம்மாள் குப்பம்மாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இந்த வீட்டில் தன் பெண் நன்றாக இருப்பாள். அது குப்பம்மாளுக்கு அப்போதே நிச்சயமாயிற்று.

இலை போட்டார்கள். அர்ச்சுனன் தயங்கினான்.

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடி கை நனைக்கிறதா…"

"எனக்கு இதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. உங்களுக்கு இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி கைய நனைங்க."

அர்ச்சுனன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குப்பம்மாள் மூன்று விரலால் பிசைந்து சாப்பிட்டாள். மற்ற இரண்டையும் உள்ளங்கையோடு மடக்கிக்கொண்டாள். இலையை எடுக்க வந்த சாந்தம்மாள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காத மாதிரியும் இருந்தது.

* * *

வெயில் சாய்வதற்குள் வண்டியை விரித்துவிட வேண்டும் என்று அர்ச்சுனனுக்குப் பரபரப்பு. வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

அவன் கொண்டிகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். மேல் தகட்டை நாலு கம்பிக் கையில் தூக்கி நிறுத்தினான், அது கூரை. அதற்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்த இரண்டு பக்கச் சுவர்களையும் கீலில் எழுப்பினான். முன்பக்கமும் பின்பக்கமும் கதவு மாதிரி திறந்து வந்து பொருந்திக்கொண்டன. சந்துகளில் பஸ் கண்ணாடிக்குப் போடுகிற ரப்பர். தூறல் கூட உள்ளே வராது.

"உள்ள வந்து பாரும்மா. இது இன்னா?" என்றான் சாந்தம்மாளிடம்.

"மேசை," என்றாள் சாந்தம்மாள்.

அவன் மேசையின் காலை ஒரு தட்டுத் தட்டினான். பலகை இறங்கி இரண்டு பெஞ்சுக்கும் நடுவே அமர்ந்தது. பெஞ்சின் சாய்மானத்தை எடுத்து அதன் மேல் போட்டான்.

"இப்ப?"

"அட, கட்டிலு!"

பெஞ்சுக்கடியில் துணி வைக்கிற பெட்டி. சுவரில் இருந்த பலகையைக் கீழே இழுத்தால் அடுப்பு மேடை, மேலே தள்ளினால் ஒன்றுமில்லை. கதவின் உள்பக்கம் கண்ணாடி, அதன் பின்னால் சீப்பும் குங்குமமும் வைக்க ஒரு விரற்கடை இடம். அது ரேணுகா கேட்டுச் செய்தது. சுப்பிரமணி அந்தக் கண்ணாடியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தான்.

"மடக்கறது எப்படிங்க? அதையும் காட்டுங்க," என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ராத்திரி படுக்கணுமே…" என்றாள் குப்பம்மாள்.

"அஞ்சு நிமிசம். மடக்கிட்டு திரும்ப விரிச்சிடறேன்." அவனுக்கு முகமெல்லாம் பல்.

மடக்கும்போது குப்பம்மாளுக்கு ஒரு வேலை உண்டு. பட்டறையில் எத்தனையோ தரம் செய்ததுதான். இடது சுவர் படுத்ததும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது சுவர் இறங்கும்போது கையை எடுத்துவிட வேண்டும். அவள் போய் நின்றாள். சாந்தம்மாள் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள்.

"மாசியில வெச்சிக்கலாமா அண்ணி? பங்குனின்னா தண்ணி கஷ்டம் இங்க."

"மாசியே நல்லது. எங்க குலதெய்வம் படவேட்டுல…" அவள் சாந்தம்மாள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

வலது சுவர் இறங்கியது. கொண்டி விழவில்லை.

"எங்கியோ இடிக்குது," என்றான் அர்ச்சுனன் அந்தப் பக்கத்திலிருந்து.

"நல்லா அழுத்துங்க," என்றாள் குப்பம்மாள்.

அவன் தோளைக் கொடுத்து அழுத்தினான். மரம் முனகியது.

"இன்னும் விழல குப்பு."

"இன்னொரு தரம் அழுத்துங்களேன், ஊர்ல விழுந்துது இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் சாந்தம்மாளிடம் திரும்பினாள். "படவேட்டுல பொங்க வெச்சிட்டு…"

சாந்தம்மாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் கண் வேறெங்கோ நிலைத்திருந்தது. சுப்பிரமணி ஓடி வந்தான்.

"அத்தே! ரத்தம்!"

அலுமினியத் தகட்டில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. குப்பம்மாள் பதறிப்போய் முதலில் மகளைப் பார்த்தாள். ரேணுகா தள்ளி நின்றாள், அவளுக்கு ஒன்றுமில்லை. புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் இல்லை. யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, கையை நீட்டப் போனாள்.

கை வரவில்லை.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான், தான் செய்ய வேண்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ… அம்மா!" என்று கத்தினாள்.

கத்தியது பிந்திவிட்டது. அவளுக்கே அது தெரிந்தது.

* * *

சுவரைத் தூக்கி விரலை எடுத்தபோது சுண்டுவிரல் நசுங்கிப் போயிருந்தது. மோதிர விரலில் நகம் இல்லை.

"எம் புத்திய செருப்பால அடிக்கணும்!" அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் கீல இன்னும் மேல ஏத்தியிருக்கணும். விளிம்புலயும் ரப்பர் வெச்சிருக்கணும். நானே அழுத்தினேனே… ரெண்டு தரம் அழுத்தினேனே!" சுற்றி நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னான். "அதிர்ச்சிங்க. அதிர்ச்சில மரத்துடும். பட்டறைல பாத்திருக்கேன். வலி அப்புறந்தான் வரும்."

சாந்தம்மாள் குப்பம்மாளை வீட்டுக்குள் கூட்டிப் போனாள். கூட வந்த ரேணுகாவை, "நீ வெந்நி வைம்மா, பின்கட்டுல," என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கையை மடியில் வைத்துக் கழுவினாள். மஞ்சளை வைத்தாள். வெள்ளைத் துணி கிழித்துச் சுற்றினாள். தள்ளி உட்காரவில்லை. கட்டி முடித்த பிறகு, குப்பம்மாளின் ரவிக்கைக் கையை மேலே ஏற்றி முழங்கைப் பக்கம் பார்த்தாள். வெளுத்த இடத்தை விரலால் தடவினாள்.

"எப்பத்திலருந்து?"

குப்பம்மாளுக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது.

"எந் தம்பி ரங்கனுக்கு இருந்திச்சி. அதனாலதான் எனக்குத் தெரியும். மருந்து இருக்குது. வெள்ள மாத்தர. அவன் விடாம சாப்ட்டான், இப்ப நல்லா இருக்கான், பொண்டாட்டி புள்ளைங்களோட. ஆனா மறச்சி மறச்சி வெச்சிதான் ரெண்டு விரலு மடங்கிப் போச்சி. அப்புறம் நிமிரல. நீ இன்னியோட மறைக்கிறத வுட்டுடு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"கல்யாணம்…"

சாந்தம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே சுப்பிரமணி ரத்தம் பட்ட தகட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பயமில்ல. நான் தொட்டுக் கழுவினேன் பாத்த இல்ல. ஆனா எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். நாலு பேரு நின்னு பாத்துட்டாங்க. நாளைக்கு இந்த வரிசைல எவளும் என் வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. ரங்கனுக்கு வந்தப்ப எங்க அக்காவுக்கு அப்பிடித்தான் ஆச்சி. கட்டின புருஷனே கொண்டாந்து வுட்டுட்டுப் போய்ட்டான். அத நான் கண்ணால பாத்தவ."

"ரேணுகாவுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. சத்தியமா ஒண்ணுமில்ல."

சாந்தம்மாள் திரும்பி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என்ன இனிமே அண்ணின்னு கூப்டாத," என்றாள். "அக்கான்னு கூப்டு, தங்கச்சி."

குப்பம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குள் கல்யாணம் ஏது? இவ்வளவு அன்பாக ஒரு கதவைச் சாத்த முடியும் என்று அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

* * *

"கைய டாக்டர்ட்ட காட்டணும், இருட்றதுக்குள்ள எறங்கிடறோம்," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். அர்ச்சுனனுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. மாசியில் வருகிறோம் என்று சாந்தம்மாளிடம் சொன்னான். அவள், "மொதல்ல கைய பாருங்க அண்ணே," என்று மட்டும் சொன்னாள். சுப்பிரமணி வண்டியை ஜீப்பில் மாட்டிக் கொடுத்தான். ஆணி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் அசைத்துப் பார்த்தான். ரேணுகா அவனைப் பார்த்துச் சிரித்தாள். முதல் தடவையாக நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் குப்பம்மாளால் பார்க்க முடியவில்லை.

மலை இறக்கத்தில் அர்ச்சுனன் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளுடைய கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டான். குலுங்கும்போது பட்டுவிடக் கூடாதாம்.

"வலி வந்துட்சா?"

"இல்ல."

"வரும். மெதுவா வரும். நாளைக்கே அந்தக் கீலப் பிரிச்சிடறேன். விளிம்புல ஸ்பாஞ்ச் வெக்கிறேன். இனிமே உன்ன அங்க நிக்கவே வுட மாட்டேன் குப்பு. எந் தப்புதான்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவனுடைய வண்டி, அவனுடைய கீல், அவனுடைய தோள். குற்றம் முழுவதையும் தன் மேல் வாரிப் போட்டுக்கொண்டு வந்தான். குப்பம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லீங்க."

"பின்ன யாரு தப்பு?"

"எனக்கு வலிக்காது. இப்பவும் வலிக்காது, நாளைக்கும் வலிக்காது. அந்த விரலு செத்துப் போயி ரொம்ப நாளாச்சி. தேமலுன்னு சொன்னேனே, அது தேமலு இல்ல. பெரிய வியாதிங்க. அந்தம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. கல்யாணம் இல்ல."

ஜீப் தடுமாறி ஓரமாக நின்றது. பின்னால் மடக்கு வண்டி ஒரு இடி இடித்துவிட்டு நின்றது. கீழே பள்ளத்தாக்கில் மாடு ஓட்டிப் போகிறவன் குரல் கேட்டது.

அர்ச்சுனன் அவள் கையைத் தன் தொடையிலிருந்து எடுத்து அவள் மடியிலேயே வைத்தான். ரொம்ப மெதுவாகத்தான் வைத்தான். அப்புறம் தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. துடைத்தது அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். கத்தி பட்டாலும் தெரியாத கைக்கு அது பட்டது.

"மருந்து இருக்குதாம்," என்றாள். "நல்லாயிடுமாம். அவங்க தம்பிக்கு நல்லாயிட்டுதாம்."

"ம்."

"நாளைக்கே போலாமாங்க?"

"போலாம். போலாம்." அவன் முன் கண்ணாடி வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் வூட்ல தெரியக் கூடாது. அண்ணி வாய மூட முடியாது. எல்லாரும் ஒரே சொம்புல தண்ணி குடிக்கிறோம்…" நிறுத்தி, யோசித்து, மெல்லச் சொன்னான். "பட்டறைக்குப் பின்னால வேப்பமரத்தடி சும்மாதான் கெடக்குது. மொதலாளிகிட்ட சொல்லி வண்டிய அங்க நிறுத்திடறேன். படுக்க, சமைக்க எல்லாம் அதுல இருக்குது. மழ உள்ள வராது. கொஞ்ச நாளு நீ அதுல இருந்துக்கலாம்."

குப்பம்மாள் இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவன் சாவியைத் திருகினான். என்ஜின் பிடித்துக்கொண்டது.

கல்யாணம் இல்லை என்று அம்மா சொன்னபோது கூட பின் சீட்டில் ரேணுகா அழுத சத்தம் கேட்கவில்லை. இப்போது பின்கதவு திறந்தது. அவள் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து, ஜீப்புக்கு முன்னால் நட்டநடு ரோட்டில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏறு ரேணுகா. இருட்டிக்கினு வருது."

"'நீ'ன்னு சொன்னியே நைனா," என்றாள் அவள். "அம்மா மட்டுமா? நீ எங்க இருப்ப?"

அர்ச்சுனனின் கை கியரின் மேல் இருந்தது.

"சொல்லிட்டு வண்டிய எடு."

குப்பம்மாள் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை. ரோட்டில் நிற்கிற மகளையே பார்த்துக்கொண்டு, காதை மட்டும் அவன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.